அப்துல்லா இப்ராஹிம் பாணியில் மராபி: இடது கையிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்கப் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் ‘மானன்பெர்க்’ 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் அடித்தளம், ஜோஹன்னஸ்பர்க்கில் வளர்ந்த மராபி இசையின் நான்கே கட்டம் (பார்) கொண்ட ஒரு கார்டு சுற்று. கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். கேட்டதும் எளிதாகத் தோன்றும். வாசித்தால் ஐந்தாவது சுற்றிலேயே சலித்துப்போகும். கோளாறு பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் இருக்கும்.

சி மேஜரில் எடுத்துக்கொள்வோம், கட்டத்துக்கு நான்கு பீட். கார்டுகள்: சி, எஃப், சி, ஜி7. மூன்றாவது கட்டத்தில் கார்டு சி-தான், ஆனால் பேஸில், அதாவது இடது கையின் கீழ்ச் சுரத்தில், ஜி விழ வேண்டும். அங்கே பேஸிலும் சி வாசித்தால் சுற்று பாதியிலேயே வீடு திரும்பிவிடும், நான்காவது கட்டத்துக்கு வேலை இருக்காது. ஜி இரண்டு கட்டம் தொடர்ந்து நின்றால்தான் அடுத்த சி-க்கு ஒரு தள்ளல் கிடைக்கும். மராபி நிற்காமல் உருள்வது இந்தத் தள்ளலால்தான்.

இடது கை: நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழேயுள்ள சி, அதற்குக் கீழே எஃப், அதை ஒட்டிய ஜி, மறுபடி அதே ஜி. இன்னும் கீழே இறங்க வேண்டாம், ஒலி கலங்கும்.

வலது கை, நடு சி-க்கு மேலே: இ-ஜி-சி, எஃப்-ஏ-சி, இ-ஜி-சி, எஃப்-ஜி-பி. எந்த விரலும் பக்கத்துச் சுரத்துக்கு மேல் நகரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கி வைத்தால் இந்த ஒட்டுதல் போய்விடும். இது தேவாலயக் கூட்டுப்பாடலின் பழக்கம். 1934இல் கேப் டவுனில் அடால்ஃப் ஜோஹன்னஸ் பிராண்டாகப் பிறந்த இப்ராஹிம் ஏழு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். அவருடைய பாட்டி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். மராபியோ அதற்கு எதிர்முனை: ஜோஹன்னஸ்பர்க்கின் கள்ளச் சாராய விடுதிகளில், கூழாங்கல் நிரப்பிய தகர டப்பாவைக் குலுக்கித் தாளம் போட வளர்ந்த இசை. இரண்டும் ஒரே கையில் சேர்ந்ததுதான் இவருடைய வாசிப்பு.

தாளக் கருவியான மெட்ரனோமை நிமிடத்துக்கு 96 பீட்டில் வையுங்கள். பேஸ் 1, 3ஆம் பீட்டில். கார்டு 2, 4இல். பத்து சுற்று ஆடாமல் வந்தபின், 4ஆம் பீட்டில் விழும் கார்டை அரை பீட் முன்னால் தள்ளுங்கள். அப்போது பேஸும் சேர்ந்து முந்தும், கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது நடக்கும். வலது கையை எடுத்துவிட்டு, வாயால் கார்டின் இடத்தைச் சொல்லிக்கொண்டே பேஸை மட்டும் வாசித்தால் சரியாகும். சஸ்டெயின் பெடலைக் கட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மறந்தால் எஃப் கார்டின் மேல் ஜி ஏறி எல்லாம் குழம்பும்.

இனி மெட்டு. வலது கை அதற்குப் போவதால் கார்டை இடது கையே சுமக்க வேண்டும்: 1இல் பேஸ், 2இலும் 4இலும் நடு சி-க்குக் கீழே இரண்டு சுரம் மட்டும். இ-ஜி, எஃப்-ஏ, இ-ஜி, எஃப்-பி. மெட்டை இரண்டு கட்டம் கேள்வி, இரண்டு கட்டம் பதில் என்று அமையுங்கள். இ-யில் தொடங்குவது வசதி. நான்காவது கட்டத்தில் சி-யில் நீண்டு நின்றால் பி-யோடு உரசும். ஜாஸ் படித்தவர்கள் இங்கே கார்டின் அடிச்சுரத்திலிருந்து 9ஆவது, 13ஆவது என்று சுரங்களைச் சேர்த்து கார்டுகளையே மாற்றப் பார்ப்பார்கள். இந்த இசைக்கு அது ஒத்துவராது. தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன் என்ற ஜாஸ் பியானோ மேதைகளைக் கரைத்துக் குடித்தவர்தான் இப்ராஹிம். 1963இல் சூரிச்சில் இவர் வாசிப்பைக் கேட்டு, பாரிஸில் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்ததே டியூக் எலிங்டன்தான். அப்படிப்பட்டவர் 1974இல் கேப் டவுனுக்கு வந்து ‘மானன்பெர்க்’கைப் பதிவு செய்தபோது சுற்றைத் தொடாமல் விட்டார். நிறவெறி அரசு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் போன்ற பகுதிகளிலிருந்து விரட்டிய மக்கள் குடியேற்றப்பட்ட இடங்களில் ஒன்று மானன்பெர்க். அவர்களுக்குப் பழகிய சுற்று இது. மாற்றம் எல்லாம் மேலே நடக்கிறது, முக்கியமாக பேசில் கூட்ஸியாவின் டெனர் சாக்ஸபோனில்.

அந்தப் பதிவின் கிணுகிணுப்பு வேண்டுமென்றால் கீபோர்டில் ஹாங்கி-டாங்க் பியானோவைத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டுகளின் பொது ஒலி வரிசையான ஜெனரல் மிடியில் 4ஆம் எண். நிஜப் பியானோவின் சுத்தியல்களில் குண்டூசி குத்திப் பார்க்கும் ஆசை வேண்டாம், ஃபெல்ட் கெட்டால் செலவு பெரிது.

96 வேகத்தில் ஒரு சுற்று 10 விநாடி, நிமிடத்துக்கு ஆறு. ஐந்து நிமிடம் என்றால் முப்பது சுற்று. நான்கு சுற்று இடது கை மட்டும், எட்டு சுற்று மெட்டு, பிறகு ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்குவது. புதுச் சுரம் கடைசியில் வரட்டும். வேகம் கூடுகிறதா என்று பதிவு செய்து கேட்டால்தான் தெரியும். 1969இல் கோபன்ஹேகனில் பதிவான ‘ஆஃப்ரிக்கன் பியானோ’வின் தொடக்கத்தில் இடது கை மட்டும் எவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்று கேளுங்கள்.

தனிக் கச்சேரியில் அவர் பாட்டுக்குப் பாட்டு நிறுத்துவதில்லை. அதற்கும் இந்தச் சுற்றே பாலம்: கடைசிச் சுற்றின் நான்காவது கட்டத்தில் ஜி7-க்குப் பதில் சி7 வாசித்து, எஃப் மேஜரில் அதே சுற்றைத் தொடங்குங்கள். எஃப், பி ஃபிளாட், பேஸில் சி வைத்த எஃப், சி7.