ஒரே ஹால், மூன்று பிள்ளைகள்: கவனம் சிதறும் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம்

வடசென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் நிறைய வீடுகளில் படிப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் ஒரே ஹாலில்தான். அங்கே நாலு வயதுப் பாப்பா, ஆறு வயதுத் தம்பி, ஒன்பது வயது அக்கா என்று மூவருக்கும் வீட்டிலேயே பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பி உட்கார்ந்த இடத்தில் நிலைக்க மாட்டான். அவனை அதட்டி உட்கார வைப்பதில் காலைப் பொழுதே போய்விடும். அவனால் எவ்வளவு நேரம் முடியும் என்று முதலில் அளந்து, மற்ற இருவரின் வேலையையும் அந்த அளவுக்குள் பொருத்துங்கள்.

அளப்பது சுலபம். மூன்று நாள், ஒரே காலை நேரத்தில், அவனுக்கு நன்றாகத் தெரிந்த கூட்டல் கணக்கு ஒரு பக்கம் கொடுங்கள். புதுப் பாடம் வேண்டாம். புரியாமல் நிறுத்தினானா, கவனம் போய் நிறுத்தினானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பென்சிலை எடுத்ததிலிருந்து, அரை நிமிடத்துக்கு மேல் கண் வேறெங்கோ போகும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 6, 8, 7 என்று வந்தால் நடு எண் 7. அதில் ஒன்றைக் கழித்து 6 நிமிடத்தில் தொடங்குங்கள். ஐந்து நாளில் நாலு நாள் முழுசாக முடித்தால் அடுத்த வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம். தடுமாறினால் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.

நேரம் பார்க்க முள் சுற்றும் சமையல் டைமர் போதும். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்பது ஆறு வயதுக்குப் புரியாது. முள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். செல்போனில் வைத்தால் மணி அடித்ததும் கை போனுக்குத்தான் போகும்.

உட்காரும் இடம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். வாசல், டிவி, பாப்பாவின் பொம்மைகள் எல்லாம் முதுகுப் பக்கம். பெரியவர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் கால் தொங்கும்; தொங்கும் கால் ஆடும்; கொஞ்ச நேரத்தில் உடம்பே சரிந்துவிடும். காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை போடுங்கள். இல்லையென்றால் தரையில் சம்மணம் போட்டு, முழங்கை உயரத்துக்குக் கணக்குப்பிள்ளை மேசை, அதாவது தரையில் வைக்கும் குட்டை மேசை. மேசையில் ஒரு தாள், ஒரு பென்சில், வேறெதுவும் வேண்டாம். ஷார்ப்னரும் ரப்பரும் அங்கே இருந்தால் சீவுவதும் அழிப்பதுமாகவே ஆறு நிமிடமும் ஓடிவிடும். முந்தின இரவே இரண்டு பென்சில் சீவி வையுங்கள். தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

முழுப் பக்கக் கணக்கைப் பார்த்தாலே மிரளும் பிள்ளைக்குத் தாளை நாலாக மடித்துக் கொடுங்கள். ஒரு மடிப்பில் மூன்று கணக்கு. அதை முடித்துத் திருப்பினால்தான் அடுத்தது தெரியும். வாசிப்புக்கு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 12 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஒரு சன்னல் வெட்டுங்கள். பாடத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும். எழுத்து பெரிதாக இருந்தால் சன்னலையும் பெரிதாக்குங்கள்.

இனி வரிசை. பலரும் தம்பியிடம்தான் முதலில் உட்காருகிறார்கள். பாப்பா வந்து மடியில் ஏறிவிடுகிறாள். முதல் 15 நிமிடம் அவளுக்கே கொடுங்கள்: ஒரு கதை, ஒரு பாட்டு, பெரிய பாட்டில் மூடிகளை எண்ணுவது. (புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது.) மடி நிறைந்த பிள்ளை பிறகு கொஞ்ச நேரம் தானாக விளையாடும். அடுத்து தம்பிக்கு மூன்று சுற்று. ஒவ்வொன்றும் 6 நிமிட வேலை, 3 நிமிட அசைவு. முதல் சுற்றில் தெரிந்தது, இரண்டாவதில் புதுசு, மூன்றாவதில் வாய்விட்டு வாசிப்பு. மொத்தம் 27 நிமிடம். இப்படி நாளுக்கு இரண்டு தடவை போதும், வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

அசைவு என்றால் உடம்புக்கு வேலையும் இருக்க வேண்டும், முடிவும் இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சமையலறைக்கும் ஹாலுக்கும் ஐந்து முறை தூக்கிவருவது, சுவரை 20 தடவை தள்ளுவது, மொட்டை மாடிப் படியை எண்ணிக்கொண்டே ஏறி இறங்குவது. 'போய் விளையாடு' என்று அனுப்பினால் திரும்பி வரமாட்டான். பாதியில் தண்ணி லாரி வந்தாலும் பதற வேண்டாம். டைமரை நிறுத்திவிட்டு, ஒரு சின்னக் குடத்தைக் கொடுத்துக் கூட்டிப்போங்கள், அதுவும் அசைவுதான்.

அக்காவுக்கு அன்றைய மூன்று வேலைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு கூடையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தம்பி அசையும் மூன்று நிமிடத்தில் நீங்கள் தீர்த்து வைப்பீர்கள். அவளை டீச்சர் ஆக்காதீர்கள். தம்பி வாசிப்பதை நாளுக்குப் பத்து நிமிடம் கேட்கட்டும், அவ்வளவுதான். அவன் திணறினால் மனசுக்குள் ஐந்து எண்ணிய பிறகே சொல்லிக் கொடுக்கணும். உடனுக்குடன் திருத்தினால் அவன் வாயே திறக்க மாட்டான்.

மூவருக்கும் மூன்று பாடம் நடத்தத் தேவையில்லை. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள். வீட்டுக்கும் அது பொருந்தும். இன்று மீன் என்றால் பாப்பா மீன் படங்களைப் பெரிசு, சிறிசு என்று பிரிக்கட்டும். தம்பி 40 ரூபாயையும் 30 ரூபாயையும் கூட்டட்டும். கிலோ 600 ரூபாய் என்றால் முக்கால் கிலோ எவ்வளவு என்று அக்கா போடட்டும்.

சமையலறையிலிருந்து கத்திச் சொல்வது தம்பியின் காதில் ஏறாது. கிட்டே போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். பாராட்டையும் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள்: "எழுந்திருக்காம மூணு கணக்கும் முடிச்சிட்டியே கண்ணு." சாயங்காலம் கிடைக்கும் பரிசுக்காகக் காலையில் அவன் உட்கார மாட்டான். 'அக்காவைப் பாரு' என்று மட்டும் ஆயா உட்பட யாரும் சொல்லவே கூடாது. அப்புறம் படிப்பே அவனுக்கு அவமானமாகிவிடும். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஹாலில் தூங்கினால் வாசிப்புச் சுற்றை மாடிப்படிக்கு மாற்றுங்கள்.

இத்தனை செய்தும் அவன் உட்காரும் நிமிடம் கூடவில்லை என்றால் முதலில் கண், காது, ரத்தசோகை மூன்றையும் பரிசோதியுங்கள். தூக்கத்தையும் கணக்குப் பாருங்கள். ஆறு வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஆறுக்கு எழும் பிள்ளைக்கு எந்த டைமரும் உதவாது. வீட்டில் மட்டுமின்றி வெளியிலும், ஆறு மாதத்துக்கு மேலாக இதே நிலை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ காட்டுங்கள். போகும்போது நிமிடங்களைக் குறித்த நோட்டையும் எடுத்துப்போங்கள். 'எப்பவும் ஓடிட்டே இருக்கான்' என்று வாயால் சொல்வதைவிட அந்த எண்கள் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.