ஃப்ரீசர் அலாரம் வைத்தும் மீன் கெட்டுப்போவது ஏன்?

போன மழைக்காலத்தில் நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து, "உங்க வீட்டுப் பக்கம் மீன் நாத்தம் அடிக்குதும்மா, என்னன்னு பாருங்க" என்றார். ஃப்ரீசருக்குள் வெப்பநிலை ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் அலாரம் இருந்தது, ஆனால் ஒரு செய்தியும் வரவில்லை. இடி இடித்ததில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வீட்டு இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகி, ஃப்ரீசரோடு வைஃபை ரவுட்டரும் அணைந்திருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். கரண்ட் போனால் சொல்ல வேண்டிய கருவி, அதே கரண்டை நம்பி இருக்கிறது. ரவுட்டரையும், ஃபைபர் இணைப்பு என்றால் அதன் சிறிய பெட்டியையும் இன்வர்ட்டரில் இணையுங்கள். அதுவும் எப்போதும் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வந்தது. அதனால் வாங்கும்போதே ஒன்றைக் கேளுங்கள்: கருவியிடமிருந்து குறிப்பிட்ட நேரம் தகவல் வராவிட்டால், 'தொடர்பு அறுந்துவிட்டது' என்று ஆப் தானாகச் சொல்லுமா? என்னைக் கேட்டால், மற்ற எல்லா வசதிகளையும்விட இதுதான் முக்கியம். எங்கள் ஆப்பிலும் அந்த வசதி இருந்தது, நாங்கள் அதை ஆன் செய்யவில்லை. ப்ளூடூத் மட்டும் உள்ள கருவி வீட்டுக்குள் இருக்கும்போதுதான் உதவும், ஊருக்குப் போனால் பயனில்லை.

அடுத்தது, சென்சாரை வைக்கும் இடம். கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு காட்டும். குளிர்காற்று வரும் துவாரத்தை ஒட்டி வைத்தால் உள்ளதைவிடக் குளிராகக் காட்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர்களில் பனியை உருக்க ஹீட்டர் அவ்வப்போது தானாக ஓடும். அப்போது காற்று சூடாகுமே தவிர, உள்ளே இருக்கும் உணவு உருகாது. சென்சார் காற்றை மட்டும் அளந்தால் நடுராத்திரியிலும் அலறும். நாலு நாள் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் அதை மியூட் செய்துவிடுவார், அப்புறம் உண்மையான ஆபத்தும் காதில் விழாது. சென்சார் முனையைப் பொட்டலங்களுக்கு நடுவில் வையுங்கள். இல்லையென்றால் சின்ன பாட்டிலில் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு ஊற்றி அதற்குள் வையுங்கள். தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ்களிலும் இப்படித்தான் முனையைத் திரவத்தில் வைத்து அளக்கிறார்கள்.

ஃப்ரீசர் இருக்க வேண்டிய அளவு மைனஸ் 18 டிகிரி. அலாரத்தையும் அதே மைனஸ் 18-இல் வைப்பது தவறு. மைனஸ் 12-ஐத் தாண்டி அரை மணி நேரம் நீடித்தால் அடிக்கட்டும் என்று வைத்தால் வீண் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். சாதாரண பென்சில் பேட்டரி இந்தக் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி போடுங்கள், அல்லது ஒயர் முனை மட்டும் உள்ளேயும் பெட்டி வெளியேயும் இருக்கும் வகையை வாங்குங்கள். ஃப்ரீசரின் இரும்புச் சுவர் சிக்னலைத் தடுப்பதற்கும் அதுவே தீர்வு. ஒயர் போகும் இடத்தில் கதவு ரப்பர் சரியாகப் படிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

போனில் பேட்டரி சேமிப்பு வசதி அந்த ஆப்பை மூடிவிடாதபடி விலக்கு கொடுங்கள். நீங்கள் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது செய்தி வந்து என்ன செய்வீர்கள்? சாவி வைத்திருக்கும் ஒருவருக்கும் அந்தச் செய்தி போக வேண்டும். எந்த சுவிட்சைப் போட வேண்டும் என்று அவரிடம் முன்பே காட்டி வையுங்கள்.

அலாரம் அடித்ததும் கதவைத் திறந்து பார்ப்பதும் தவறு. நிரம்பிய தனி ஃப்ரீசர் மூடியே இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் சின்ன ஃப்ரீசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது சீக்கிரம் உருகிவிடும்.

கரண்ட் வந்தபின் எல்லாம் மறுபடி கட்டியாகிவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது ஆப்பில் உள்ள வெப்பநிலை வரைபடத்தைப் பாருங்கள். இறைச்சியும் மீனும் 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் எறிந்துவிடுங்கள். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூரை, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் சூடு ஏறும்போது உருவாகும் ஹிஸ்டமின், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது.

வரைபடமும் இல்லாத நாளுக்கு ஒரு பழைய வழி உண்டு. கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது நாணயம் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.