லாரியை லாரி முந்தும்போது பொறுங்கள்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் என்-3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் (Town Hill) என்ற மலையேற்றம். ஒரு லாரி இன்னொன்றை ஊர்ந்து ஊர்ந்து முந்தும், பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே 9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு உச்ச வேகம் 80 கிலோமீட்டர். சமதரையில்கூட முன்னால் போவது 76-ல் போனால் வித்தியாசம் வெறும் 4. தலா 22 மீட்டர் நீளமுள்ள இரண்டு வண்டிகள், இடைவெளியும் சேர்த்து 100 மீட்டர் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் 2 கிலோமீட்டர் ஓடிவிடும். ஏற்றத்தில் 56 டன் பாரத்தோடு வேகம் ஒருமுறை விழுந்தால் மீண்டும் பிடிப்பது பெரும்பாடு. அதனால்தான் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமல் வலப்பக்கம் வருகிறார். பாவம், உங்களை மறிக்க அல்ல.

பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அவருடைய பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் அவர் கண்ணில் படவில்லை. முந்திய பிறகு, லாரியின் இரண்டு முகப்பு விளக்குகளும் உங்கள் உள்கண்ணாடியில் முழுசாகத் தெரிந்த பின்பே இடப்பக்கம் சேருங்கள். இதே சாலையில் டர்பன் திரும்பும்போது வரும் வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் இன்னும் அதிக இடம் விடுங்கள். அந்தப் பாரம் சட்டென்று நிற்காது.