'லுக் ஃபோவர்ட் டு': எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் நகரின் கொமியுனிகேஷன் கடைகளில் போட்டோ கொப்பி எடுக்கக் காத்து நிற்கையில், முன்னால் நிற்கும் பிள்ளையின் வேலை விண்ணப்பம் கண்ணில் பட்டால், அதன் கடைசி வரி பெரும்பாலும் 'ஐ ஆம் லுக்கிங் ஃபோவர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ' என்றே இருக்கும். அங்கே 'ஹியரிங்' என்று இருக்க வேண்டும். 'வோன்ட் டு கோ', 'ஹேவ் டு சைன்' என்று பாடசாலையில் படித்த பழக்கத்தில், 'டு' வந்தாலே வினையின் அடிப்படை வடிவத்தை எழுதிவிடுகிறோம். ஆனால் 'ஆவலோடு எதிர்பார்த்தல்' என்று பொருள்படும் 'லுக் ஃபோவர்ட் டு' என்ற இந்த ஆங்கிலத் தொடரில் உள்ள 'டு' ஒரு முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). அதன்பின் பெயர்ச்சொல்லோ, பெயராக நிற்கும் 'இங்' வடிவமோதான் வரும்.

ஐயம் எழுந்தால் வினையை எடுத்துவிட்டு 'யுவர் ரிப்ளை' என்று இட்டுப் பாருங்கள். 'லுக் ஃபோவர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தும். 'வோன்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தாது. நம் மொழியிலும் 'நீங்கள் வருவதை எதிர்பார்க்கிறேன்' என்று தொழிற்பெயரைத்தான் வைக்கிறோம். 'நீங்கள் வர எதிர்பார்க்கிறேன்' என்பதில்லை.

'யூஸ்ட் டு' இன்னும் வழுக்கும். 'ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்' என்றால் தோட்டத்து மேற்பிரிவு லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) நடந்து நடந்து பழகிவிட்டேன் என்று பொருள்; 'ஐ யூஸ்ட் டு வோக்' என்றால் முன்பு நடந்தேன், இப்போது பஸ்ஸில் போகிறேன் என்று ஆகிவிடும்.

எழுத்துக்கூட்டலில் முதல் 'ஆர்' எழுத்தை அடுத்து 'ஈ' சேர்ந்து, 'ஏ' இருந்த இடத்தில் 'ஓ' வந்தால் 'ஃபோவர்ட்' நூலின் முன்னுரையாகிவிடும். அலுவல் கடிதத்துக்கு 'ஐ ஆம் லுக்கிங்' என்பதைவிட 'ஐ லுக்' பொருத்தமானது. எழுவாயே இல்லாமல் 'லுக்கிங்' என்று தொடங்கி முற்றுப்புள்ளி வைப்பது குறை வாக்கியம்.

இவையெல்லாம் இலக்கணப் பிழைகள், வாசிப்பவர் மன்னித்துவிடுவார். பொருட்பிழைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழில் 'எதிர்பார்த்தல்' நன்மைக்கும் தீமைக்கும் பொது: தீபாவளி முற்பணத்தையும் எதிர்பார்ப்போம், அடைமழையையும் எதிர்பார்ப்போம். 'லுக் ஃபோவர்ட் டு' என்பதிலோ மகிழ்ச்சி கலந்தே இருக்கிறது. ஆகவே, உறவினரின் இறுதிக்கிரியைக்கு லீவு கேட்கும் கடிதத்தில் அத்தொடரை எழுதினால், மரணவீட்டுக்குப் போக ஆவலாய் இருப்பதாகவே தோட்டத்துத் துரை (முகாமையாளர்) வாசிப்பார்.

ஒருமுறை, மாற்று வீடு கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு எழுதிய மனுவொன்றைத் திருத்தித் தரும்படி பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் என்னிடம் கொண்டு வந்தார்கள். 'வீ ஆர் லுக்கிங் ஃபோவர்ட் டு எ லேண்ட்ஸ்லைட்' என்று அதில் இருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த எவரும், மண்சரிவுக்காக ஆசையோடு காத்திருக்கிறோம் என்று எழுதமாட்டார்கள். எழுதியவர்களும் அப்படி நினைக்கவில்லை. அந்த வரியை 'வீ ஃபியர் எ லேண்ட்ஸ்லைட்' என்று மாற்றி, வீடு கேட்கும் கடைசி வரியில் மட்டும் 'வீ லுக் ஃபோவர்ட் டு ரிசீவிங் யுவர் ரிப்ளை' என்று வைத்தோம்.