ஒற்று எப்போது இரட்டிக்கும்? விகுதி சேர்க்கும்போது பார்க்க வேண்டியவை

சொல் என்பதோடு உம் சேர்ந்தால் சொல்லும். முயல் என்பதோடு அதே உம் சேர்ந்தால் முயலும். இரண்டும் லகர ஒற்றில், அதாவது ல் என்ற மெய்யெழுத்தில் முடிகிற வினைகள்தாம். ஒன்றில் ஒற்று இரட்டிக்கிறது, மற்றதில் இரட்டிக்கவில்லை. பேசும்போது யாரும் தடுமாறுவதில்லை. எழுதும்போது, அதிலும் வேகமாகத் தட்டச்சு செய்யும்போதுதான் சந்தேகம் வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, ஒற்றுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதை. ஒரே ஒரு குறில் மட்டும் இருந்து, சேர்கிற விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் ஒற்று இரட்டிக்கும். ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்கிறது நன்னூலின் 205ஆம் நூற்பா. உண் – உண்ணும், தின் – தின்ன, செல் – செல்லாமல், கொள் – கொள்ளுங்கள், செய் – செய்யும், பெய் – பெய்யாது.

குறிலுக்குப் பதில் நெடில் இருந்தால் இரட்டாது: காண் – காணும், ஆள் – ஆளும், மேய் – மேயும். ஒற்றுக்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் இருந்தாலும் இரட்டாது: பயில் – பயிலும், அருள் – அருளும், ஆராய் – ஆராயும்.

கூட்டுவினையில் கடைசித் துண்டை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். ஒப்புக்கொள் என்பதில் ஐந்தாறு எழுத்துகள் இருந்தாலும் கடைசியில் நிற்பது கொள். அதனால் ஒப்புக்கொள்ளும், ஏற்றுக்கொள்ளாமல். முயல், பயில் போன்றவற்றை அப்படிப் பிரிக்க முடியாது.

விகுதியோ, காலம் காட்டும் இடைநிலையோ மெய்யெழுத்தில் தொடங்கினால் இந்த விதிக்கு அங்கே வேலையில்லை. செய்தான், உண்கிறாள், பெய்தது எல்லாம் ஒற்றை ஒற்றோடு நிற்கும். மேய்ந்தது, பாய்ந்தது என்பவற்றைப் பார்த்து ‘மழை பெய்ந்தது’ என்று சிலர் எழுதுகிறார்கள். பெய்தது என்பதே சரி. நில் என்ற வினையில் இரண்டு நிலையையும் சேர்த்துப் பார்க்கலாம்: உயிர் வந்தால் நில்லாமல், நில்லுங்கள், மெய் வந்தால் நிற்கிறான், நிற்கும்.

இனி டு, று என்று முடிகிற வினைகள். உண்மையான குழப்பம் இங்கேதான். விடு – விட்டான், ஆனால் எடு – எடுத்தான். தொடு என்பது தொட்டான் என்றும் வரும், தொடுத்தான் என்றும் வரும். பகுதியை, அதாவது வினையின் அடிச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிவுசெய்ய முடியாது. நிகழ்காலத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். கிற என்று வந்தால் இறந்தகாலத்தில் பகுதியின் ஒற்று இரட்டிக்கும். க்கிற என்று வந்தால் த்த் வரும்.

தொடுகிறான் – தொட்டான். தொடுக்கிறான் – தொடுத்தான்.
படுகிறான் – பட்டான். படுக்கிறான் – படுத்தான்.
கெடுகிறது – கெட்டது. கெடுக்கிறது – கெடுத்தது.
விடுகிறார் – விட்டார். விடுக்கிறார் – விடுத்தார்.
பெறுகிறாள் – பெற்றாள். பொறுக்கிறாள் – பொறுத்தாள்.

கஷ்டம் பட்டவர் வேறு, கட்டிலில் படுத்தவர் வேறு என்பதை இந்த ஒற்றுதான் காட்டுகிறது. விலக்கு என்று சொன்னால், கயிறு அறுகிறது என்பதற்கு இன்றைய வழக்கில் அறுந்தது என்றே எழுதுகிறோம். அற்றது என்பது ‘இல்லாமல் போனது’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது.

இந்தச் சோதனை தனிக்குறிலை அடுத்து டு, று வரும் வினைகளுக்கு மட்டும்தான். நெடிலோ, இரண்டு எழுத்துகளோ முன்னால் இருந்தால் இன் என்ற இடைநிலை வரும். ஒற்று அப்படியே நிற்கும். ஓடினான், பாடினாள், மீறினார், திருடினான், கதறினாள். போடு மட்டும் விதிக்கு அடங்காமல் போட்டான் என்று வருகிறது. சாப்பிட்டான், கூப்பிட்டான், வெளியிட்டார், செயல்பட்டது, இடம்பெற்றது என்பவை விலக்குப் போலத் தோன்றலாம். கடைசித் துண்டைப் பாருங்கள்: இடு, படு, பெறு. எல்லாமே தனிக்குறில் வினைகள். உரையாடு, போராடு என்பவற்றின் கடைசியில் இருப்பது ஆடு. அதனால் உரையாடினார், போராடினார்.

நெடில் வரும் வினைகள் சிலவற்றில் ஒற்றை இரட்டித்துவிட்டால் பொருளே மாறிவிடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. ஓடினான் என்றால் அவனே ஓடினான். ஓட்டினான் என்றால் வேறொன்றை ஓடச் செய்தான். பேருந்தில் ஏறினார், மூட்டையை ஏற்றினார். காயம் ஆறியது, பாலை ஆற்றினாள். செய்தி எழுதுவோர் அடிக்கடி சறுக்குகிற இடம் நிறைவேறு என்ற சொல். மசோதா நிறைவேறியது, பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ‘மசோதா நிறைவேற்றியது’ என்று எழுதினால் எதை நிறைவேற்றியது என்ற கேள்வி எழும். சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் ஐ உருபு ஏற்ற செயப்படுபொருளைத் தேடுங்கள், அல்லது ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் இரட்டித்த வடிவம். பதவி ஏற்றார் என்பதை மட்டும் இதோடு சேர்க்கக் கூடாது. அது ஏல் என்ற வேறு வினையிலிருந்து வந்தது. ‘பதவி ஏற்றினார்’ என்பது பிழை.

பெயர்ச்சொல்லோடு வேற்றுமை உருபு சேரும்போதும் இதே இரண்டு பாதைகள்தான். ஒற்றில் முடிகிற பெயருக்குத் தனிக்குறில் விதி: கல்லை, கண்ணில், நெய்யில், நெடில் வந்தால் காலை, தூணில், தாயை. மளிகைக் கடைப் பட்டியலிலும் சமையல் குறிப்பிலும் ‘எண்ணெய்யில் பொரிக்கவும்’ என்று பார்க்கிறோம். நெய் தனிக்குறில், எண்ணெய் அப்படி இல்லை. எண்ணெயில் என்று எழுதினால் போதும். வந்து சேர்ந்த சொற்களும் பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படுகின்றன: பஸ்ஸில், பில்லில் என்கிறோம், காரில், ஹாலில், ரயிலில் என்கிறோம். க், ட், ப் என்று முடிகிறவை மட்டும் எப்போதும் இரட்டிக்கும்: பைக்கில், மார்க்கெட்டில். பேச்சில் அவற்றைப் பைக்கு, மார்க்கெட்டு என்று உகரம் சேர்த்துச் சொல்லிப் பழகியதுதான் காரணம்.

தன், என், நம் முதலியவை தன்னை, என்னால், நம்மில் என்று இரட்டிக்கும். நான்காம் வேற்றுமையிலும், ஆறாம் வேற்றுமையின் அது உருபிலும் மட்டும் எனக்கு, எனது, நமது என்று ஒற்றையாகவே நிற்கும்.

டு, று என்று முடிகிற பெயர்களுக்கு நன்னூல் 183ஆம் நூற்பா. முன்னால் நெடிலோ, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளோ வந்து, அவற்றில் கடைசி எழுத்து ஒற்றாக இல்லாவிட்டால் இரட்டும்: காட்டில், வீட்டை, கயிற்றால், வரலாற்றில். தனிக்குறில் வந்தால் இரட்டாது, வகரம் சேரும்: நடுவில், வடுவை, மடுவில். வினையில் பார்த்ததற்கு இது நேர்மாறு. கள் விகுதி வந்தாலும் இரட்டாது. வீடுகளில் என்றுதான் வரும். ஆறு என்பது நதியானால் ஆற்றில். எண்ணானால் ஆறில் ஒரு பங்கு என்பதே இன்றைய வழக்கு.

சுவற்றில் என்ற பிழை எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே புரியும். வயிற்றில் என்பதைப் பேச்சில் வயித்துல என்கிறோம், சுவரில் என்பதைச் செவுத்துல என்கிறோம். எழுதும்போது இரண்டையும் ஒரே மாதிரி ‘திருத்தி’ விடுகிறோம். சொல் வயிறு, ஆகவே வயிற்றில். ஆனால் இது சுவர், றுவில் முடியவில்லை. ரகர ஒற்று தமிழில் இரட்டிப்பதும் இல்லை. சுவரில், சுவரை, சுவருக்கு.

எழுதி முடித்த பிரதியில் தேடல் வசதியைத் திறந்து ‘சுவற்’, ‘எண்ணெய்ய’, ‘பெய்ந்’ ஆகிய மூன்றையும் போட்டுத் தேடுங்கள். பிறகு ‘நிறைவேற்றிய’ என்று தேடி, வருகிற ஒவ்வொரு இடத்திலும் எதை என்று கேட்டுப் பாருங்கள்.