உலகத் தத்துவ நாள்: துறையில் ஒரு நிகழ்ச்சி நடத்துவது எப்படி?

நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை உலகத் தத்துவ நாள். யுனெஸ்கோ இதை 2002-இல் முதன்முதலாகக் கொண்டாடியது. 2005-இல் அதன் பொது மாநாடு முறைப்படி அறிவித்தது. செப்டம்பர், அக்டோபர் வந்ததும் தத்துவத் துறை உள்ள கல்லூரிகளில் துறைத் தலைவர் ஒரு முதுகலை மாணவரையோ ஆய்வு மாணவரையோ அறைக்குக் கூப்பிடுவார். "இந்த வருஷம் ப்ரோக்ராமை நீ பாத்துக்கப்பா" என்பார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்காக இந்தப் பதிவு.

வழக்கமான நிகழ்ச்சி நிரல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வரின் வாழ்த்துரை, துறைத் தலைவரின் தலைமையுரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, அப்புறம் சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். மொத்தம் 11. இதில் கேள்வி கேட்க எங்கே இடம்? சிறப்புரை முடியும்போது மணி ஒன்றாகியிருக்கும். பின்வரிசை சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டிருக்கும். "நேரம் குறைவு, ஒரே ஒரு கேள்வி மட்டும்" என்று மைக்கில் சொல்வார்கள். வேதியியல் துறை இப்படி நடத்தினால் பெரிய நஷ்டமில்லை, அவர்களுக்கு ஆய்வகம் இருக்கிறது. தத்துவத்துக்கு ஆய்வகம் அந்தக் கேள்வி நேரம்தான். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாவற்றையும் கேள்வி நேரத்துக்கு ஒரு மணி நேரம் மிஞ்ச வேண்டும் என்ற கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

படி 1: தேதியும் மாற்றுத் தேதியும்

2026-இல் இந்த நாள் நவம்பர் 19 அன்று வருகிறது. சென்னையிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவருக்கு இதில் என்ன சிக்கல் என்று சொல்லத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை நேரம். காலையில் கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டால் பேச்சாளர் லாட்ஜில் இருப்பார், மாணவர்கள் வீட்டில் இருப்பார்கள், சமோசா மட்டும் துறைக்கு வந்து சேரும். போதாக்குறைக்கு செமஸ்டர் தேர்வும் அந்தப் பக்கத்தில்தான் வரும். எனவே தேர்வுக் கால அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரு மாற்றுத் தேதியையும் முதல்வர் அலுவலகத்தில் குறித்து வையுங்கள். யுனெஸ்கோவிலிருந்து யாரும் வந்து காலண்டரைச் சரிபார்க்கப் போவதில்லை. ஒரு வாரம் முன்பின் நடந்தாலும் அது தத்துவ நாள் நிகழ்ச்சிதான்.

படி 2: தலைப்புக்குப் பதில் ஒரு கேள்வி

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

"இந்தியத் தத்துவத்தில் அறவியல் சிந்தனைகள்: ஒரு பார்வை" போன்ற தலைப்பை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாததைப் பற்றிப் பேச்சு நடக்கும், விவாதம் நடக்காது. அதற்குப் பதில் ஒரு கேள்வியை வையுங்கள். நல்ல கேள்வியா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. கேன்டீனில் வணிகவியல் மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் உடனே ஒரு பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் "அதெப்படி?" என்று குறுக்கே வர வேண்டும். இரண்டும் நடந்தால் கேள்வி தேறிவிட்டது. கூகுளில் தேடி முடித்துவிடக்கூடிய கேள்வியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: "நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா?"

பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குத் தோதாக மூன்று சிறு பகுதிகளை ஒரே தாளில் அச்சடிக்கலாம். முதலில் குறள் 292:

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்.

குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும். இரண்டாவது, பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் சொன்னது: உண்மையைப் பெற உரிமை உள்ளவரிடம்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு, பிறருக்குத் தீங்கு செய்யும் உண்மையைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. மூன்றாவது, அதற்கு மறுப்பாக ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1797-இல் எழுதிய சிறு கட்டுரையின் சாரம். கொலை செய்யத் துரத்தி வருகிறவன் உங்கள் வீட்டு வாசலில் நின்று "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்கிறார் காண்ட். "இங்கே இல்லை" என்று நீங்கள் பொய் சொல்கிறீர்கள். நண்பனோ உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே வெளியே நழுவிவிட்டான். திரும்பிப் போகும் கொலைகாரன் அவனைத் தெருவில் பார்த்துக் கொன்றுவிடுகிறான். அந்தச் சாவுக்கு உங்கள் பொய்யும் பொறுப்பாகலாம் என்பது அவர் வாதம்.

இப்போது குறளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பொய் நன்மை தந்ததா என்பது பொய்க்குப் பிறகுதானே தெரியும்? வாயைத் திறப்பதற்கு முன் அதை எப்படித் தீர்மானிப்பது? காண்ட் கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான். வள்ளுவர் பக்கம் நிற்பவருக்கும் பதில் இருக்கிறது. "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்று முந்தைய குறளிலேயே அவர் அளவுகோலை மாற்றிவிட்டார். காண்ட் பேசும் உண்மை வேறு, இவர் பேசும் வாய்மை வேறு என்று வாதாடலாம். ஒரே ஒரு தாள், ஒரு மணி நேர விவாதத்துக்கு இது போதும். பவர்பாயின்ட் வேண்டவே வேண்டாம்.

படி 3: பேச்சாளரும் எதிருரையாளரும்

பேச்சாளருக்கு எழுதும் கடிதத்தில் மூன்று விஷயங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: கேள்வி என்ன, 35 நிமிடம்தான் பேச்சு, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் விவாதம். பெரியவர்களிடம் நேரக் கட்டுப்பாடு சொல்லத் தயக்கமாக இருக்கும். துறைத் தலைவர் கையெழுத்தில் கடிதம் போனால் தயக்கம் அவருடையதாகிவிடும். பயணப்படி, மதிப்பூதியம், தங்குமிடம் ஆகியவற்றையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். "வாங்க சார், பாத்துக்கலாம்" என்று போனில் சொல்வது பின்னால் சங்கடத்தில் முடியும்.

கூடவே ஒரு மாணவரை எதிருரையாளராக நியமியுங்கள். பேச்சாளர் பேசியதும் மேடைக்கு வந்து ஏழெட்டு நிமிடத்தில் இரண்டு எதிர்ப்புகளை மட்டும் சொல்பவர் அவர். பேச்சாளரிடம் ஒரு பக்கச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்தால்தான் இந்த மாணவரால் தயாராக முடியும். முதல் எதிர்ப்பு ஒரு மாணவர் வாயிலிருந்து வந்துவிட்டால் சபையில் மற்றவர்களுக்கும் நாக்கு அவிழ்ந்துவிடும்.

படி 4: அனுமதி, பணம்

முதல்வருக்கு விண்ணப்பம், ஹால் பதிவு, மற்ற துறைகளுக்கு சர்க்குலர். சர்க்குலரில் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைக் கணக்கு) உண்டு என்று ஒரு வரி இருந்தால் கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் ஓ.டி.யைத் தத்துவ மாணவர்களோடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்கள் விரும்பி வரட்டும் என்று விடலாம். நிரம்பி வழியும் ஹாலைவிட 40 பேர் வட்டமாக உட்காரும் வகுப்பறை மேல்.

பணத்துக்குப் பொதுவாக மூன்று வழிகள். கல்லூரி அல்லது துறையின் நிதி. பழைய பல்கலைக்கழகங்கள் என்றால் அறக்கட்டளை: யாரோ ஒரு குடும்பம் வைப்பு நிதியாகப் போட்டு வைத்திருக்கும், அதன் வட்டியில் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடக்கும். உங்கள் துறையில் பேச்சு நடக்காமல் கிடக்கும் அறக்கட்டளை எதுவும் உண்டா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள், சில சமயம் இருக்கும். அப்படியிருந்தால் நன்கொடை ஆவணத்தில் என்ன பொருள் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். மூன்றாவது வழி, ஐ.சி.பி.ஆர். என்கிற இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1977-இல் மத்திய அரசு நிறுவியது. உலகத் தத்துவ நாளுக்குக் கல்லூரிகள் நிதியுதவி கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்து, கல்லூரி வழியாக முன்கூட்டியே அனுப்ப வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் யோசித்தால் அடுத்த வருஷத்துக்குத்தான்.

படி 5: ஒரு வாரத்துக்கு முன் வாசிப்புக் கூட்டம்

பெரும்பாலான துறைகள் விட்டுவிடும் படி இது. அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு பத்துப் பேர் ஒரு மாலை உட்காருங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்த வேண்டும். "இவர் என்ன சொல்கிறார்?" என்பதை முடித்த பிறகே "இது சரியா?" என்பதற்குப் போக வேண்டும். முடிவில் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை எழுதித் தரட்டும். நிகழ்ச்சியன்று யாரும் வாய் திறக்காவிட்டால் இந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும். எதிருரையாளரும் இங்கேயே ஒரு தடவை பேசிப் பழகிக்கொள்வார். டீயும் பிஸ்கட்டும் தவிர வேறு செலவு இல்லை.

படி 6: அன்றைய நிரல்

காலை 10.30-க்குத் தொடக்கம் என்றால் இப்படி வைக்கலாம். முதல் கால் மணியில் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, முதல்வர், தலைவர் எல்லாம் முடிய வேண்டும். பேச்சாளர் அறிமுகம் மூன்று வாக்கியம் போதும். எத்தனை கட்டுரை எழுதினார், எந்தெந்த நாட்டுக்குப் போனார் என்ற பட்டியலை அழைப்பிதழின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள். 10.45 முதல் 11.20 வரை பேச்சு. 11.30 வரை எதிருரை. கால் மணி டீ. 11.45 முதல் 12.45 வரை விவாதம். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண் எல்லாம் அதற்குப் பிறகு. பொன்னாடையைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு முணுமுணுப்பு வரும், சமாளித்துக்கொள்ளுங்கள்.

டீயை எதிருரைக்குப் பின் வைத்ததற்குக் காரணம் உண்டு. கையில் டம்ளரோடு நிற்கும்போதுதான் மாணவர்கள் தங்களுக்குள் "அவர் சொன்னது தப்புடா" என்று பேச ஆரம்பிப்பார்கள். திரும்பி உள்ளே வரும்போது கேள்வி தயாராக இருக்கும்.

கம்பியில்லா மைக் இரண்டு வேண்டும், மாற்று பேட்டரியோடு. ஒன்று மேடைக்கு, இன்னொன்றை ஹாலில் கொண்டுபோய்க் கொடுக்கச் சுறுசுறுப்பான இருவர்.

படி 7: விவாதத்தை நடத்துவது

நடுவராக இருப்பவர் முதல் கேள்வியை மாணவருக்கே கொடுக்க வேண்டும். முன்வரிசைப் பேராசிரியர்கள் முதலில் கேட்டால், கேள்வி என்ற பெயரில் இன்னொரு சொற்பொழிவு நடக்கும். அதற்குப் பின் இளங்கலை முதலாண்டுப் பெண் எழுந்து பேச மாட்டாள். "முதல் நான்கு கேள்விகள் மாணவர்களுக்கு" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஒருவருக்கு ஒரு நிமிடம். தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பலர் வாய் மூடி இருப்பதற்கு ஆங்கிலத் தயக்கம்தான் காரணம்.

எந்தக் கேள்வியை வளர விடுவது, எதை முடித்துவைப்பது என்பதற்கு, பழைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரத்தின் பாகுபாடு இன்றைக்கும் உதவும். உண்மையைத் தெரிந்துகொள்ள இரு தரப்பும் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பது மட்டுமே வேலை என்றால் விதண்டை. மூன்றாவது வகை தலை தூக்கினால் நடுவர் சிரித்த முகத்தோடு "சரி, உங்கள் நிலைப்பாடு என்ன?" என்று கேட்டால் போதும். ஒன்று நிலைப்பாடு வரும், இல்லையென்றால் அவர் உட்கார்ந்துவிடுவார்.

சூடு கூடினால் கவலைப்பட வேண்டாம். மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைபவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் சொல்வது இது:

பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்
செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்

பகைவரோடு என்றாலும் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள். விவாதத்துக்கான நடத்தை விதி என்று தனியாக எதையும் தயாரிக்காமல் இந்த இரண்டு வரியை ஃபிளெக்ஸில் அடித்து மாட்டிவிடலாம்.

விவாதம் முடியும்போது "ஆக, பொய் சொல்லலாம்" என்றோ "கூடாது" என்றோ தீர்ப்பு சொல்லும் ஆசை நடுவருக்கு வரும். தவிர்த்துவிடுங்கள். எந்த இடத்தில் இரு தரப்பும் பிரிந்தன என்று மட்டும் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

கூடுதலாக: பள்ளி மாணவர்களுக்கு ஒரு போட்டி

ஆள்பலம் இருந்தால் மட்டும். 1993-இல் பல்கேரியாவில் தொடங்கிய பன்னாட்டுத் தத்துவ ஒலிம்பியாடில், நான்கு மேற்கோள்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கு மணி நேரத்தில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதையே இரண்டு மணி நேரமாகச் சுருக்கிப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தலாம். மனப்பாடமாக எழுத வழியில்லாத போட்டி என்பதால் பிள்ளைகள் முதலில் திணறுவார்கள், அப்புறம் நன்றாகவே எழுதுவார்கள். மதிப்பெண் போடும்போது மேற்கோளைப் புரிந்துகொண்டாரா, எதிர்த் தரப்பை நினைத்துப் பார்த்தாரா என்று பாருங்கள். கையெழுத்துக்கும் அடுக்குமொழிக்கும் மார்க் வேண்டாம்.

படி 8: முடிந்த பிறகு

அன்று மாலையே கணக்கை முடியுங்கள். டீக்கடை பில், ஆட்டோ ரசீது, பேச்சாளர் கையெழுத்திட்ட பயணப்படிச் சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். வெளியிலிருந்து நிதி வாங்கியிருந்தால் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்ப வேண்டும். கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.க்கு அழைப்பிதழ், வருகைப் பதிவு, ஜியோ-டேக் போட்ட போட்டோக்கள், அறிக்கை ஆகியவை போக வேண்டும். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டின்போது கேட்பார்கள். போட்டோ எடுப்பவரிடம் விளக்கேற்றுவதை மட்டும் எடுக்காமல், எழுந்து நின்று கேள்வி கேட்கும் மாணவர்களையும் எடுக்கச் சொல்லி வையுங்கள்.

அறிக்கை எழுதும்போது யார் யார் மேடையில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு பத்தி போதும். மீதியில் கேட்கப்பட்ட கேள்விகளை வரிசையாக எழுதுங்கள். நேரம் போதாமல் விடுபட்ட கேள்விகளைப் பேச்சாளருக்கு நன்றிக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். பதில் வந்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். எல்லாவற்றின் நகலையும் பேச்சாளர் முகவரி, செலவுக் கணக்கு, ஹால்காரர் போன் நம்பரோடு ஒரு ஃபைலில் போட்டு, அடுத்த அக்டோபரில் "சரி சார்" சொல்லப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.