அரை மில்லிமீட்டர் ஓட்டையைத் தேடி

எங்கள் கார் நியூ ஜெர்சியின் உப்பு தூவிய குளிர்காலச் சாலைகளில் பதினைந்து வருடம் ஓடியது. போன அக்டோபரில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்தது. ஸ்கேனர் பி0456 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டியது: பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்று பொருள். பட்டறையில் காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரை மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. அதன்பிறகுதான் நானே பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன்.

டாங்கில் எழும் பெட்ரோல் ஆவி கரி நிரம்பிய கேனிஸ்டரில் தங்குகிறது. எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்கு அனுப்புகிறது. வென்ட் வால்வு வெளிக்காற்றை உள்ளே விடுகிறது. மின்சாரம் இல்லாதபோது பர்ஜ் மூடியிருக்கும், வென்ட் திறந்திருக்கும். இதைக் குழப்பிக்கொண்டவர்கள் நல்ல வால்வைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். சோதனையின்போது கார் இரண்டையும் மூடி, டாங்கின் அழுத்தம் நிலைக்கிறதா என்று பார்க்கிறது. பி0455 பெரிய கசிவு. பி0442 ஒரு மில்லிமீட்டர் துளை அளவு. பி0456 அதிலும் பாதி, 0.020 அங்குலம்.

முதலில் பெட்ரோல் மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மூடியை இறுக்கிய மறுநாளே விளக்கு அணையவில்லை என்று பதற வேண்டாம். எஞ்சின் ஆறியிருந்து, டாங்க் ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பெரும்பாலான கார்கள் இந்தச் சோதனையையே செய்யும்.

அடுத்தது பர்ஜ் வால்வு. ஆறிய எஞ்சினைக் கிளப்பி, கேனிஸ்டரிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். உறிஞ்சினால் அது சரியாக மூடவில்லை. பெட்ரோல் போட்டவுடன் கார் கிளம்ப முரண்டு பிடிப்பதும் இதன் அடையாளம்தான்.

வென்ட் பக்கம் தூசியும் பூச்சியும் சேரும். சிரிக்காதீர்கள்: வென்ட் குழாயில் சிலந்தி வலை பின்னியதால் மஸ்டா நிறுவனம் 2011இல் அமெரிக்காவில் மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த வழி அடைபட்டால் டாங்கே விரிசல் விடக்கூடும்.

இவ்வளவும் பார்த்தும் அகப்படவில்லை என்றால் புகைதான் வழி. நான் இதற்கென்றே விற்கும் சிறிய புகைக் கருவியை வாங்கினேன். டப்பாவில் சூடான கம்பி வைத்து வீட்டில் செய்யும் வித்தையை பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் நான் செய்ய மாட்டேன். திறந்த வெளியில், எஞ்சினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஸ்கேனரால் வென்ட் வால்வை மூடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் வென்ட் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். பர்ஜ் வால்விலிருந்து கழற்றிய குழாய் வழியாகப் புகையை விடுங்கள். சில கார்களில் பச்சை மூடி போட்ட சோதனைத் துளை இருக்கும். அதன் உள்வால்வின் புரி தலைகீழ். கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். நான் இதை ஒன்றை உடைத்துத் தெரிந்துகொண்டேன். அழுத்தம் அரை பிஎஸ்ஐ போதும், ஒன்றைத் தாண்டக் கூடாது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை அருகில் கொண்டுவராதீர்கள். புகை நிரம்பும் வரை பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்து, அங்கே புகை தெரிந்ததும் மூடுங்கள். பிறகு பொறுமை வேண்டும். சிறு துளையிலிருந்து நூல் போலத்தான் புகை வரும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் தெரியும்.

எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பின்சக்கரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் காப்புக்குப் பின்னால், டாங்குக்கு பெட்ரோல் இறங்கும் இரும்புக் குழாயிலிருந்து புகை வந்தது. காப்பைக் கழற்றினேன். உள்ளே உப்பும் சேறும் அடைந்து, குழாய் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. பட்டறை கழற்றிக் கொடுத்த பழைய கேனிஸ்டருக்கும் புகை விட்டுப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

குழாயை மாற்றிய பிறகு கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு நேராக அரசின் வாகன ஆய்வு நிலையத்துக்குப் போகாதீர்கள். அழித்தால் காரின் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டும். 2001ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையதுமான கார்களில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால் விடுவார்கள். இரண்டு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். அரை டாங்க் பெட்ரோலோடு ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போங்கள்.